இரண்டு கணினி, ஒரே வம்சாவளி: க்ளவுட் ஃபோல்டரில் போட்டால் போதாதா?

கேள்வி, மார்ச் 3

வீட்டில் டெஸ்க்டாப், வெளியே போனால் லேப்டாப். இரண்டிலும் ஒரே வம்சாவளி மென்பொருள். குடும்ப மரத்தின் கோப்பை க்ளவுட் ஃபோல்டரில் வைத்து இரண்டு பக்கமும் திறந்துகொண்டால் வேலை முடிந்தது என்று ஒரு கூட்டம் சொல்கிறது. தொட்டாலே கெட்டுவிடும் என்று இன்னொரு கூட்டம் பயமுறுத்துகிறது. யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு 9.40

முதல் கூட்டம் சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு. ஒரு சமயத்தில் ஒரு கணினியில்தான் மென்பொருள் திறந்திருக்க வேண்டும். மூடுங்கள், சிங்க் (கோப்பு க்ளவுடோடு ஒத்துப்போவது) முடிந்ததற்கான பச்சை டிக் வரட்டும், அப்புறம் மற்றதைத் திறங்கள்.

மார்ச் 3, இரவு 10.25

காரணம் சொல்லாமல் நிபந்தனை மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் இது.

ரூட்ஸ்மேஜிக், கிராம்ப்ஸ் போன்ற வம்சாவளி மென்பொருள்கள் இப்போது தரவை எஸ்கியூலைட் என்ற வகைத் தரவுத்தளத்தில் வைக்கின்றன. கடிதம் தட்டச்சு செய்கிற மென்பொருளில் நீங்கள் 'சேமி' அழுத்தும்போதுதான் கோப்பு எழுதப்படும். தரவுத்தளத்தில் அப்படி இல்லை. ஒரு பிறந்த தேதியைத் திருத்தி அடுத்த கட்டத்துக்குப் போவதற்குள் அது உள்ளே எழுதியாகிவிட்டது. எழுதி முடியும்வரை பக்கத்திலேயே ஒரு துணைக்கோப்பு இருக்கும். பாதியில் மின்சாரம் போனால் மீட்டுக்கொள்வதற்காக அது. முதன்மைக் கோப்பும் துணைக்கோப்பும் சேர்ந்தால்தான் தரவு முழுசு.

க்ளவுட் சேவைக்கு இந்த உறவு தெரியாது. அதற்கு இரண்டும் தனித்தனிக் கோப்புகள். ஒன்றை இப்போது ஏற்றும், மற்றதை ஐந்து விநாடி கழித்து ஏற்றும். மறுமுனைக் கணினிக்கு வந்துசேர்வது இரண்டு வேறு கணங்களின் கலவை. தரவுத்தளம் கெட்டுப்போகும் வழிகள் என்று எஸ்கியூலைட்காரர்களே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே நகலெடுப்பது, துணைக்கோப்பைப் பிரித்துவிடுவது இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

மூடிவிட்டால் துணைக்கோப்பின் வேலை முடிந்துவிடும், ஒரே கோப்புதான் மிஞ்சும். அதை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

மார்ச் 4, காலை

"வருஷக்கணக்கில் திறந்தபடியே சிங்க் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று மேலே ஒருவர். நம்புகிறேன். நானும் கோப்பு கெட்டுப்போய்ப் பார்த்ததில்லை. கெட்டுப்போனால்கூட நல்லதுதான், திறக்கும்போதே மென்பொருள் கத்தும், நேற்றைய பேக்கப்பை எடுத்துக்கொள்ளலாம்.

கத்தாத வகைதான் எனக்கு பயம். நானும் அக்காவும் ஒரே மரத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த காலம். ஒரே மாலையில் இருவர் கணினியிலும் அது திறந்திருந்தது. இரண்டு பேரும் நிறைய எழுதினோம், இரண்டு பேரும் மூடினோம், எந்தப் பிழைச்செய்தியும் இல்லை. சில வாரம் கழித்து "மாமா கிளையில் நான் போட்டதெல்லாம் எங்கே?" என்று அக்கா கேட்டாள். எங்கேயும் போகவில்லை. அதே ஃபோல்டரில், அதே கோப்பின் பெயரோடு நீளமான வால் ஒட்டிய இன்னொரு கோப்பில் பத்திரமாக இருந்தது.

பெரும்பாலான க்ளவுட், சிங்க் சேவைகள் இப்படித்தான். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் எது சரி என்று அவற்றுக்குத் தெரியாது, இரண்டையும் வைத்துக்கொள்ளும். டிராப்பாக்ஸ் பெயரோடு 'முரண்பட்ட நகல்' என்ற பொருளில் ஒரு குறிப்பைச் சேர்க்கும். ஒன்டிரைவ் கணினியின் பெயரைச் சேர்க்கும். சிங்க்திங் தேதி, நேரம் எல்லாம் போட்டு ஒரு வால் ஒட்டும். நேர்மையான நடத்தைதான். ஆனால் வம்சாவளி மென்பொருள் பழைய பெயரை மட்டுமே திறக்கும். அந்த ஃபோல்டரை யார் போய்த் திறந்து பார்க்கிறார்கள்?

மார்ச் 4, மதியம்

"இரண்டு நகல் இருந்தால் மெர்ஜ் செய்து ஒன்றாக்கிவிட வேண்டியதுதானே?"

செய்யலாம். அக்கா விஷயத்தில் செய்தோம். மறுபடி செய்யச் சொன்னால் கையால் தட்டச்சு செய்துவிடுவேன். ஏன் என்று நீளமாகச் சொல்கிறேன், இந்த இழையில் முக்கியமான விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கொண்டுபோக எல்லோருக்கும் பொதுவான வடிவம் ஜெட்காம். மோர்மன் திருச்சபை 1984இல் கொண்டுவந்தது. வெறும் உரைக்கோப்பு. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் உண்டு, ஆனால் அந்த எண்ணுக்கு அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் அர்த்தம். என் கோப்பில் 52 என்பது என் பாட்டி, உங்கள் கோப்பில் 52 யாரோ. அதனால் ஒரு ஜெட்காமை ஏற்கெனவே ஆள் இருக்கிற மரத்துக்குள் இம்போர்ட் செய்தால் பொதுவாக எல்லோரும் இரண்டிரண்டாக வந்து உட்காருவார்கள். ஒரே தாத்தா இரண்டு முறை பிறந்து இரண்டு முறை இறந்திருப்பார்.

சரி, ஒரே ஆட்களைக் கண்டுபிடித்து இணைக்கிற வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. பெயரும் பிறந்த வருஷமும் ஒத்துப்போனால் "இவர்கள் ஒருவரா?" என்று கேட்கும். ஒரே பெயர் இரண்டு, மூன்று தலைமுறையில் வருகிற குடும்பம் என்றால், தேதி தெரியாத ஆட்கள் நிறைய என்றால், அது கேட்கிற கேள்விகள் நாள் முழுக்க ஓடும். அவசரத்தில் ஒரு 'ஆம்' அழுத்தினால் சித்தப்பாவும் மருமகனும் ஓர் ஆளாகிவிடுவார்கள்.

இதைவிட மோசம், நீக்கியவை. அ நகலில் ஒருவர் இல்லை, ஆ நகலில் இருக்கிறார். அ-வில் யோசித்து நீக்கினோமா, அல்லது ஆ-வில் புதிதாகச் சேர்த்தோமா? இரண்டு நகலை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்லவே முடியாது. இரண்டும் பிரிவதற்கு முந்தைய மூன்றாவது நகல் வேண்டும். நிரலாளர்கள் இதைப் பொது மூதாதை என்றே சொல்வார்கள். ஊரார் மூதாதையை எல்லாம் தேடித்தருகிற மென்பொருளுக்குத் தன் கோப்பின் மூதாதை யாரென்று தெரியாது!

இன்னும் ஒன்று. உறவு இரண்டு பக்கமும் எழுதப்படுகிறது. குடும்பப் பதிவில் "இவர் பிள்ளை" என்று ஒரு வரி, பிள்ளையின் பதிவில் "இது என் குடும்பம்" என்று ஒரு வரி. மெர்ஜில் ஒரு பாதி மட்டும் வந்துசேர்ந்தால், அப்பாவின் பக்கத்தில் மகள் இருப்பாள், மகளின் பக்கத்தில் அப்பா இருக்க மாட்டார். படமாக வரைந்து பார்க்கும்வரை கண்ணில் படாது.

அதனால்தான் முதல் நாளே சொன்னேன், ஒரு நேரத்தில் ஒரு கணினி. கோப்பை நகர்த்துவது சுலபம். பிரிந்துபோன இரண்டைச் சேர்ப்பதுதான் கஷ்டம், ஆகவே பிரியவே விடாதீர்கள்.

மார்ச் 4, இரவு

ஜெட்காமைக் கொஞ்சம் மட்டம் தட்டிவிட்டேனோ என்று தோன்றுகிறது. 2021இல் வந்த 7.0 பதிப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் உலகளவில் தனித்த அடையாளம் வைக்க இடம் உண்டு. இரண்டு மென்பொருளும் அதைத் தொலைக்காமல் எழுதிப் படித்தால் 'இவர் அவரே' என்பது ஊகமாக இருக்காது. படங்களையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டுவதற்கும் 7.0இல் வழி இருக்கிறது. ஆனால் இன்றும் பெரும்பாலும் கைமாறுவது 5.5.1 தான். அது 1999இல் வரைவாக வெளியாகி, 2019இல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. அதற்குள் ஊரே அதை வைத்து இருபது வருஷம் குடித்தனம் நடத்திவிட்டது.

மார்ச் 5

படங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் முதலில் மாட்டுவது இதில்தான்.

மரத்தின் கோப்புக்குள் படம் இருக்காது, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். டெஸ்க்டாப்பில் டி டிரைவில் வைத்திருப்பீர்கள், லேப்டாப்பில் டி டிரைவே இருக்காது. மரம் சரியாக வரும், முகங்கள் எல்லாம் காலிக் கட்டமாக வரும். சிங்க் கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை.

கிராம்ப்ஸில் ஊடகங்களுக்கான அடிப்படைப் பாதை என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை அந்தந்தக் கணினிக்குப் பொருந்தும்படி அமைத்துவிட்டு, படங்களை அந்தப் பாதைக்குச் சார்பான முகவரியில் சேர்த்தால் மரத்தை எங்கே கொண்டுபோனாலும் படம் கிடைக்கும். மற்ற மென்பொருள்களில் இது வேறு பெயரில் இருக்கலாம். இல்லவே இல்லை என்றால் இரண்டு கணினியிலும் ஒரே டிரைவ் எழுத்து, ஒரே ஃபோல்டர் பெயர் என்று அமைத்துவிடுங்கள். அழகில்லாத வழி, ஆனால் வேலை செய்யும். படங்களைச் சேர்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள், பின்னால் அல்ல.

மார்ச் 5, சற்றுக் கழித்து

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும். 'கொள்ளுத்தாத்தா' என்று ஒரு படத்துக்குப் பெயர் வைக்கிறீர்கள். அந்த 'கொ'வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக் குறியாக ஒரு வழி. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இன்னொரு வழி. திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மேக்கின் பழைய கோப்பு முறைமை பெயரை எப்போதும் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். விண்டோஸும் லினக்ஸும் கொடுத்தது எதுவோ அதை அப்படியே வைத்து, இரண்டையும் வேறு வேறு பெயர்களாகக் கருதும். பழைய மேக்கிலிருந்து வந்த ஃபோல்டரில், கண்ணெதிரே கொள்ளுத்தாத்தா இருந்தும் மென்பொருள் "கோப்பு இல்லை" என்று சாதிப்பது இதனால்தான். கொ, கோ, கௌ வரிசை மூன்றுக்குமே இந்தத் தொல்லை உண்டு.

என் தீர்வு: படத்தின் பெயர் எண்ணாக இருக்கும், தமிழ் விளக்கம் மரத்துக்குள் இருக்கும்.

மார்ச் 5, இரவு

எண் என்றால் என்ன எண் என்று கேட்டிருக்கிறார்கள். சோசா எண் வைக்காதீர்கள். தெரியாதவர்களுக்கு: உங்களுக்கு 1, அப்பா 2, அம்மா 3, யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. 1590இலேயே ஐட்சிங்கர் என்பவர் பயன்படுத்திய முறை. 1676இல் சோசாவும், 1898இல் ஸ்ட்ராடோனிட்ஸும் எடுத்துப் பரப்பினார்கள். அருமையான ஏற்பாடு, ஆனால் 1 யார் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு உங்கள் மகளை 1 ஆக்கினால் அத்தனை எண்ணும் மாறிவிடும். சித்தி, மாமா, அவர்கள் பிள்ளைகளுக்கு எண்ணே கிடையாது. வெறுமனே 0001, 0002 என்று வரிசையாகப் போடுங்கள், அர்த்தமில்லாத எண்தான் மாறாமல் இருக்கும்.

இழையை எங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறேன். சரி.

மார்ச் 7

கிராம்ப்ஸ்காரர்கள் இருவர் கேட்டதற்கு. அதில் மரம் என்பது ஒரு கோப்பு அல்ல, ஒரு ஃபோல்டர். நீங்கள் வைத்த பெயர் அந்த ஃபோல்டருக்கு இருக்காது, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பெயர் இருக்கும். நீங்கள் வைத்த பெயர் உள்ளே ஒரு சின்ன உரைக்கோப்பில் கிடக்கும். தரவுத்தளத்தின் பாதையை விருப்பத்தேர்வுகளில் மாற்ற முடியும் என்பதால் அதை க்ளவுட் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு.

அதில் ஒரு வேடிக்கை. மரம் திறந்திருக்கும்போது அந்த ஃபோல்டரில் பூட்டு என்று ஒரு குட்டிக் கோப்பு உருவாகும், யார், எந்தக் கணினி என்ற விவரத்தோடு. க்ளவுட் அதையும் சேர்த்தே சிங்க் செய்துவிடும். ஆக, டெஸ்க்டாப்பில் மூட மறந்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் "பூட்டப்பட்டிருக்கிறது" என்று வரும். பூட்டை உடைக்கவா என்றும் ஒரு பொத்தான் கேட்கும். உடைக்காதீர்கள். எழுந்துபோய் மற்றதை மூடுங்கள். நெட் இல்லாத நேரத்தில் பூட்டுக்கோப்பு வந்துசேராது என்பதால் இதையே காவலாக நம்பவும் கூடாது.

நான் மரத்தை க்ளவுடில் வைப்பதில்லை. முடிக்கும்போது படங்களோடு சேர்ந்த பொதியாக எக்ஸ்போர்ட் செய்வேன், மறுபக்கத்தில் காலியான புது மரம் ஒன்று தொடங்கி அதில் இம்போர்ட் செய்வேன். காலியான மரம் என்பது முக்கியம். பழைய மரத்திலேயே இம்போர்ட் செய்தால் மார்ச் 4 மதியத்துக்குப் போய்விடுவீர்கள்.

மார்ச் 8

மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்துவைக்கும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் போட்டால் என்ன என்கிறார் ஒருவர். ஜெட்காம் உரைக்கோப்புதானே, வரிவரியாக ஒப்பிடலாமே.

ஒப்பிடலாம், ஆனால் எக்ஸ்போர்ட் செய்யும்போது எண்ணையும் வரிசையையும் புதிதாகப் போடுகிற மென்பொருள் என்றால், ஒரு தேதியைத் திருத்தியதற்குப் பாதிக் கோப்பு மாறிவிட்டதாகச் சிவப்பில் காட்டும். இன்னொரு சிக்கல்: 5.5.1இல் ஒரு வரிக்கு 255 எழுத்து உச்சவரம்பு. நீண்ட குறிப்புகளை வெட்டி அடுத்த வரியில் தொடர வேண்டும். தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் (எழுத்தை எண்ணாக்கிச் சேமிக்கும் முறை) 3 பைட். பைட்டை எண்ணி வெட்டுகிற மென்பொருள், குறிக்கு நடுவிலேயே கத்தி வைத்துவிடும். 7.0இல் இந்த வெட்டும் இல்லை, யூடிஎஃப்-8 தவிர வேறு குறியாக்கமும் இல்லை. அதுவரை, எக்ஸ்போர்ட் பெட்டியில் குறியாக்கம் என்ன என்று ஒரு தடவை பாருங்கள். ஆன்சி என்ற பழைய குறியாக்கம் இருந்தால் தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் கேள்விக்குறியாகத்தான் வெளியே வரும்.

மார்ச் 8, இரவு

காலையில் சொன்னது ஜெட்காமுக்குத்தான் பொருந்தும். கிராம்ப்ஸின் சொந்த எக்ஸ்எம்எல் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் உள் அடையாளம் இருக்கிறது, எக்ஸ்போர்ட்டுக்கு எக்ஸ்போர்ட் அது மாறுவதில்லை. கோப்பு ஜிஸிப்பில் சுருக்கப்பட்டிருக்கும், விரித்துவிட்டு கிட்டில் போட்டால் என்ன மாறியது என்பதை உட்கார்ந்து படிக்கலாம். மெர்ஜ் செய்ய அல்ல, படிக்க. எனக்கு அது பிடித்திருக்கிறது. "இந்தத் தேதியை எப்போது மாற்றினேன்?" என்பதற்கு வேறெங்கும் விடை இல்லை.

மார்ச் 9

ஒன்டிரைவில் 'தேவைப்படும்போது இறக்கு' என்கிற ஏற்பாடு இருந்தால், ஃபோல்டரில் தெரிகிற படங்கள் கணினியில் இல்லாமல் போகலாம். மேகக் குறி இருந்தால் அது வெறும் பெயர்ப்பலகை. நெட் இல்லாத இடத்துக்குப் போகும் முன் 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' கொடுத்துவிடுங்கள்.

மார்ச் 11

முதல் நாள் பதிலை ஓர் இடத்தில் மாற்றிக்கொள்கிறேன். ஒரே ஆள், இரண்டு கணினி என்றால் நான் சொன்னது போதும். இரண்டு ஆட்கள் என்றால் போதாது. 'நீ மூடினாயா, நான் திறக்கலாமா' என்று தினமும் கேட்டுக்கொள்வது எந்த அக்கா தம்பிக்கும் நடக்காது, எங்களுக்கும் நடக்கவில்லை.

அந்த நிலைக்கு சிங்க் என்ற யோசனையையே விட்டுவிட்டு, தரவை ஒரே இடத்தில் வைத்து இருவரும் உலாவி வழியாக உள்ளே போவதுதான் சரி. கிராம்ப்ஸ் வெப், வெப்ட்ரீஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டும் இலவசம், திறந்த மூலம். யார் எதைத் திருத்தினார்கள் என்று தெரியும், வெப்ட்ரீஸில் ஒருவர் செய்த திருத்தத்தை இன்னொருவர் பார்த்து ஏற்கும்படியும் வைக்கலாம். சர்வரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே தெரியாதபடி அமைக்க வேண்டும். அந்த வேலை யார் தலையில் விழும் என்று கேட்காதீர்கள், இந்த இழையைப் படிப்பவர் தலையில்தான்.

இதன் எளிய வடிவம் ரிமோட் டெஸ்க்டாப். மரம் டெஸ்க்டாப்பிலேயே இருக்கும், லேப்டாப்பிலிருந்து அதன் திரைக்குள் நுழைந்து எழுதுவீர்கள்.

மார்ச் 12

கேள்வி கேட்டவர் இப்போதுதான் முழு விவரம் சொல்கிறார்: லேப்டாப் போவது ஆவணக் காப்பகங்களுக்கு, அங்கே நெட் இருக்காது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

அப்படியானால் உங்களுக்கு சிங்கே வேண்டாம் என்பேன். வெளியே கொண்டுபோகும் நகலைப் படிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்ததை ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதுங்கள்: எந்த ஆவணம், எந்தப் பக்கம், என்ன எழுதியிருக்கிறது, படம் எடுத்த எண். வீட்டுக்கு வந்து டெஸ்க்டாப்பில் ஏற்றுங்கள். இரட்டை வேலை மாதிரி இருக்கும். ஆனால் காப்பகத்தில் உட்கார்ந்து அவசரமாக மரத்தில் ஏற்றியவற்றில் எத்தனை "இவர் வேறு ஆள்" என்று அப்புறம் தெரியவந்தது என்பது எனக்குத் தெரியும். நடுவில் ஒரு இரவு இருப்பது நல்லது.

அங்கேயே ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கிளம்பும்போது டெஸ்க்டாப் மரத்தின் பெயரையே 'தொடாதே, லேப்டாப்பில் இருக்கிறது' என்று மாற்றிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து நகலை மாற்றியபின் பெயரைத் திருப்புங்கள்.

மார்ச் 13

"இரண்டு கணினியிலும் இருக்கிறதே, பேக்கப் எதற்கு?" சிங்க் நல்லதையும் கடத்தும், கெட்டதையும் கடத்தும். இங்கே ஒரு கிளையைத் தவறி அழித்தால் ஒரு நிமிஷத்தில் அங்கேயும் அழிந்திருக்கும். பழைய பதிப்புகளை க்ளவுட் வைத்திருக்குமே என்றால், டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 30 நாள் வரைக்கும்தான். வம்சாவளியில் பிழை கண்ணில் படுவது அடுத்த கல்யாணத்துக்கு அழைப்பிதழ் எழுதும்போது. மாதம் ஒரு பொதி, தேதி போட்டு, சிங்க் தொடாத வெளி டிஸ்கில்.

மார்ச் 20

ஒன்று விட்டுப்போனது. இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதுப் பதிப்பு மரத்தைத் திறக்கும்போது அதன் அமைப்பையே மாற்றிவிடும், பழைய பதிப்பால் அப்புறம் படிக்க முடியாது. கிராம்ப்ஸ் 6.0க்கு உயர்த்திய மரத்தை 5.2இல் திறக்க முடியாது. ரூட்ஸ்மேஜிக்கில் 7லிருந்து 8க்குப் போனபோது கோப்பு வகையே மாறியது. லேப்டாப்பில் லினக்ஸ் என்றால், அதன் மென்பொருள் களஞ்சியம் எந்தப் பதிப்பைத் தருகிறது என்று பார்த்துவிட்டு அதன்பின் டெஸ்க்டாப்பில் 'புதுப்பி' அழுத்துங்கள். அழுத்துவதற்கு முன்னால் ஒரு பொதி எடுத்துவிடுங்கள்.